வக்கீல் சாருக்கு மனசார நன்றி

பேர் போடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு, அதனால சார்னு மட்டும் எழுதுறேன். அண்ணன் வாங்கிக் குடுத்த குக்கர் வெடிச்சு அம்மா கையெல்லாம் வெந்துபோச்சு, கம்பெனில கேட்டா பில் உங்கம்மா பேர்ல இல்லையே, நீங்க எப்படி கேக்கலாம்னு கையை விரிச்சிட்டாங்க. சார்தான் பொறுமையா உக்கார வச்சு சொன்னாரு, ஃப்ரெண்டு வாங்கிக் குடுத்த ஜிஞ்சர் பீர் பாட்டில்ல செத்த நத்தை இருந்துச்சுன்னு ஸ்காட்லாந்துல ஒரு அம்மா போட்ட கேஸ்ல, காசு குடுத்தவங்களுக்கு மட்டும் இல்ல, பயன்படுத்துறவங்களுக்கும் தயாரிச்சவன் பொறுப்புன்னு 1932-லயே ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் (அப்போ பிரிட்டனோட உச்ச கோர்ட் மாதிரி) தீர்ப்பு சொல்லிடுச்சுன்னு. எங்களுக்கு அப்பதான் உயிரே வந்துச்சு.

மூடிய கழுவாதீங்க, கேஸ்கெட்ட தூக்கிப் போடாதீங்க, அப்படியே கவர்ல போட்டு தேதி எழுதி வைங்கன்னாரு. குறுக்கு விசாரணைல கம்பெனி எஞ்சினியர் கையில அந்த சேஃப்டி வால்வையே குடுத்து, இது உங்க டிராயிங்ல இருக்குற அளவுதானான்னு கேட்டாரு பாருங்க, அவரால பதிலே சொல்ல முடியல!

ஜெயிச்சுட்டோம். பெரிய கம்பெனி வேலையெல்லாம் வேண்டாம்னுட்டு வாழ்க்கை முழுக்க இந்த மாதிரி கேஸ் மட்டுமே நடத்துறவரு, முடியாதவங்ககிட்ட ஃபீஸும் வாங்குறதில்ல (இது அவரோட ஜூனியர் சொல்லித்தான் தெரியும்). ரொம்ப ரொம்ப நன்றி சார், எங்க குடும்பமே உங்களுக்கு கடமைப்பட்டிருக்கு.