பில்லில் போடும் மணி நேரம்தான் கணக்கு

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவில் 2026 ஜனவரி முதல், குழந்தைக் காப்பக மானியத்துக்குத் தகுதியுள்ள எந்தக் குடும்பத்துக்கும், அப்பா அம்மா வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு 72 மணி நேரத்துக்காவது மானியம் கிடைக்கிறது. ரொம்ப நல்ல மாற்றம். முன்பு இருவரில் யாருக்கு வேலை நேரம் குறைவோ அதைத்தான் பார்ப்பார்கள். நான் ஒரு கடையில் வாரம் ஐந்து மணி நேரம் நின்ற காலத்தில் எங்களுக்கு வந்தது வெறும் 36 மணி நேரம், அவர் ராத்திரி பகலாக எத்தனை ஷிப்ட் பார்த்தாலும் அது கூடவில்லை.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று, இந்த மானிய நேரத்திலிருந்து பிள்ளை அங்கே இருந்த நேரம் கழிவதில்லை, காப்பகம் பில் போடும் நேரம்தான் கழிகிறது. மகளை எட்டரைக்கு விட்டு மூன்று மணிக்கே கூட்டி வந்துவிடுவேன், பில்லைப் பார்த்தால் காலை 6 முதல் மாலை 6 வரை, 12 மணி நேரம்! அப்படிப் போட்டால் 72 மணி நேரம் ஆறே நாளில் தீர்ந்துவிடும், அதாவது வாரத்துக்கு மூன்று நாள், நாலாவது நாளுக்கு முழுக் கட்டணம் நம் கையிலிருந்து. இது நியாயமே இல்லை. பிள்ளையைச் சேர்க்கும் முன்பே ஒரு நாளுக்கு 9 அல்லது 10 மணி நேரம் மட்டும் பில் போடும் அமர்வு உண்டா என்று கேளுங்கள், சில இடங்களில் தருகிறார்கள்.

அப்புறம், இருவருமே இரண்டு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் 100 மணி நேரம் கிடைக்கும். படிப்பு, வேலை தேடுவது, தொண்டு வேலை இவையும் அதில் சேரும், விடாமல் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சிட்னி