அக்காவுக்கு: அந்த நடு நிரல் பற்றி

அன்புள்ள அக்கா,

திங்கட்கிழமை என்னிடம் ஒரு மாணவி சமூகப்பணிக் களப்பயிற்சிக்கு வருகிறாள். இரண்டு தடவை மறுத்தேன். இந்த முறை, மேற்பார்வையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட கையோடு உங்கள் நினைவுதான் வந்தது.

எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியும். பலரும் படிக்கிற இடம், ஊரை எழுதவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் போராட்டத்தில் அமர்ந்த 2017ஆம் ஆண்டு. கோழி வளர்ப்பு உதவிக்குப் படிவம் நிரப்பத்தான் போனேன். அந்த அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து மகனின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை எடுத்தார். பூச்சி அரிக்காமல் மடிப்புக்கு மடிப்பு வேப்பிலை. கொலர் பொத்தான் மட்டும் புதிது. "நான் விசாரித்துச் சொல்கிறேன், அம்மா" என்று சொல்லிவிட்டேன். விசாரிக்க நான் யார்?

"இதைச் சொல்ல உங்களுக்கு என்ன அதிகாரம்?" என்று, அந்தச் சந்திப்பைப் பற்றி நான் எழுதித் தந்த பதிவில் சிவப்புப் பேனாவால் எழுதினீர்கள். அடுத்த வாரம், சொன்னதைத் திரும்பப் பெற்றுவரத் தனியாக அனுப்பினீர்கள். "பரவாயில்லை பிள்ளை" என்று அவர் தேநீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் தந்தார். நீங்கள் செய்தது சரி. கோப்போடு வந்து நம்பிக்கை கொடுத்துவிட்டுப் போனவர்களை வன்னி நிறையப் பார்த்துவிட்டது.

ஆனால் அக்கா, பதிவில் மூன்று நிரல்கள் உண்டு. பேசியது, எனக்குள் நடந்தது, உங்கள் குறிப்பு. பதினொரு பதிவுகளிலும் நடு நிரலை வெறுமையாக விட்டேன். எழுத்துப்பிழை திருத்தினீர்கள், திகதி திருத்தினீர்கள். அந்த வெறுமையைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு வெள்ளைச் சட்டை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணாவைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன்.

உங்கள் கணவரைப் பற்றி நானும் கேட்டதில்லைத்தான். மாணவி எப்படிக் கேட்பது? எனக்குக் காய்ச்சல் வந்தபோது, மழையில் சைக்கிள் மிதித்துக் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தது நீங்கள். அவ்வளவு அன்பு இருந்தும் ஏன் கேட்கவில்லை என்பதுதான் இத்தனை வருடமாக ஆறவில்லை.

கடைசி மதிப்பீட்டுக்கு வராமல் வவுனியா பஸ் ஏறியது அந்தக் கோபத்தில்தான். அது பிழை. ஒரு குடும்பத்தைவிட்டு விலகுவதென்றால் முன்கூட்டியே சொல்லி, விடைபெற்று விலக வேண்டும் என்று கற்றுத்தந்தவரிடமே சொல்லாமல் போனேன். மன்னித்துவிடுங்கள்.

நேற்று ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். நடு நிரலை அகலமாக விட்டிருக்கிறேன். அவள் எழுதாமல் விட்டால் கேட்பேன்.

அந்த அம்மாவின் வீடு இப்போது என் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பிள்ளையை அங்கே அனுப்பலாமா, அக்கா? அனுப்புவதானால் முதல் நாள் நானும் கூடப் போகிறேன்.

உங்கள் பழைய மாணவி