தங்கச்சிமடத்துப் பாசிக்கரையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

பையனுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. எனக்குக் கருப்பை வாயில் வெட்டியெடுத்த சதையின் ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று போன வாரம் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. இனியும் நன்றி சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

முதலில் எங்கள் ஊர் நர்ஸ் அக்காவுக்கு. நாலாவது மாதத்தில் லேசாக ரத்தம் பட்டதால், கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் எடுத்தார்கள். 'எச்.எஸ்.ஐ.எல்.' என்று வந்தது. அதை வாசித்துச் சொன்ன இடத்தில், "இது கேன்சர்தான், கலைச்சிட்டு ஆபரேஷனுக்குப் போங்க" என்று நின்ற வாக்கிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. சாயங்காலம் வந்த அக்கா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். "இதுல கேன்சர்னு எங்கயுமே போடலையே. செல்லு மாறியிருக்கு, பெரிய டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும். நீ எதையும் கலைக்க வேணாம்" என்றார். அக்கா, அதைக் கேட்ட பிறகுதான் அன்று எனக்குச் சோறு இறங்கியது.

அடுத்து மதுரை டாக்டரம்மாவுக்கு. கால்போஸ்கோபி என்றதும் கருவி உள்ளே போய்க் குழந்தையைத் தொட்டுவிடுமோ என்று நடுங்கிப்போனேன். அது வெளியே நின்றே கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. காடி வாடை அடிக்கும் மருந்தைத் தொட்டு வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில், உப்புக்காற்றில் சுவர் பூத்த மாதிரி ஓரிடம் மட்டும் வெளுத்ததை எனக்கும் திரையில் காட்டினீர்கள். அங்கிருந்து மிளகளவு சதை எடுத்தீர்கள். மாசமாக இருக்கும்போது அங்கே ரத்த ஓட்டம் கூடுதல் என்பதால் துணியை வைத்து அழுத்தியபடியே பேச்சுக் கொடுத்தீர்கள். உள்ளே சுரண்டி எடுக்கிற சோதனையை மட்டும் கர்ப்பத்தில் செய்யவே மாட்டோம் என்றும் சொன்னீர்கள்.

முடிவு சி.ஐ.என். 3. கேன்சர் இல்லை, அதற்கு முந்தைய நிலை. "இது கேன்சரா மாறுறதா இருந்தாலும் வருஷக்கணக்காகும். பிரசவத்துக்கு அஞ்சு மாசம்தானே இருக்கு? உள்ள பரவியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாத்தான் இப்பவே வெட்டணும். இப்ப வெட்டினா ரத்தப்போக்கு, குறைப்பிரசவம்னு வேற பயம். 12 வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்றீர்கள். வியாதியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று வீட்டில் பெரியவர்கள் கோபப்பட்டார்கள். அவர்களிடம் போனில் அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினீர்களே, அம்மா, அதை எப்படி மறப்பேன்!

முதல் தடவை மதுரைக்குப் போனது ஏப்ரல் கடைசியில், விசைப்படகுத் தடைக்காலம். வீட்டுக்காரர் கூட வந்தார், ஆனால் கையில் காசு இல்லை. கேட்காமலேயே முன்பணம் கொடுத்த படகுக்காரருக்கு நன்றி. மறுபடி பார்க்கப் போன ஜூலையில் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டார். மதினிதான் பஸ் முழுக்க என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். என்னோடு கடல்பாசி வளர்க்கும் பெண்களுக்கு என்ன சொல்வது? என் மிதவைகளுக்கும் நீங்களே விதைப்பாசி கட்டி, 45 நாளில் அறுத்துக் காயவைத்து, விற்ற பணத்தை ஒரு ரூபாய் குறையாமல் மடியில் போட்டீர்கள்.

அக்டோபரில் சுகப்பிரசவம். டிசம்பரில் திரும்பப் பார்த்தார்கள். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே குறைந்துவிடுமாம், எனக்குக் குறையவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த மாற்றத்தை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ஆறு மாதம் கழித்து டெஸ்ட் இருக்கிறது, அப்புறமும் விடாமல் பார்த்துவர வேண்டும். சரி, வருவேன்.

நர்ஸ் அக்கா, வருகிற புதன்கிழமை முப்பது வயது தாண்டிய எங்கள் பாசிக்காரப் பெண்கள் ஆறு பேர் பரிசோதனைக்கு வருகிறார்கள். மதினியும் வருகிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் கூட வருகிறேன்.