கட்டடத்துக்குக் கடுக்காய்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரூரில் நாற்பது வருஷமாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சரக்கு நிறுத்துக் கட்டும் வரை வந்தவர்கள் படிக்கட்டும் என்றுதான் உங்கள் பத்திரிகையைக் கடைக்கு வாங்கிப் போடுகிறேன். என் முறை மதியத்துக்கு மேல், கூட்டம் ஓய்ந்த பிறகு. போன வாரம் வாசகர் பகுதியில் சென்னை அன்பர் ஒருவர் மெரினா கடற்கரைச் சாலையைப் பற்றி எழுதியிருந்தார். அங்கே வரிசையாக நிற்கும் பழைய கட்டடங்கள் எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போனவை, உப்புக் காற்றில் உதிர்கின்றன, நல்ல சிமெண்டுப் பூச்சு கொடுத்து வண்ணம் அடித்தால் இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்பது அவர் கருத்து. வெள்ளைக்காரன் கதை பாதி சரி. சிமெண்டுக் கதை முழுத் தப்பு. மருந்துக் கடைக்காரனுக்குக் கட்டடத்தைப் பற்றி என்ன தெரியும் என்றால், கடுக்காய் மூலமாகத் தெரியும்.

எங்கள் பக்கம் சித்தேரி மலையில் கடுக்காய் மரம் உண்டு. மலைக்காரர்கள் பொறுக்கிக் காயவைத்துக் கீழே கொண்டுவருவார்கள். என் அப்பா காலத்தில் தோல் பதனிட வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் மூட்டை மூட்டையாகப் போயிற்று. பிறகு அந்த வியாபாரம் இளைத்துவிட்டது. இப்போது திரிபலா சூரணத்துக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்று போகிற சரக்குதான். அப்படியிருக்க, சில வருஷத்துக்கு முன் ஒருவர் போன் செய்து 12 மூட்டை கடுக்காய் வேண்டும், கூடவே பாலக்கோட்டுப் பக்கத்து வெல்லமும் பிடித்துத் தரமுடியுமா என்றார். இவ்வளவையும் யார் சாப்பிடப்போகிறார்கள் என்று எனக்கு மலைப்பு. இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதனால் கொட்டையை நீக்கித் தரட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் சிரிப்பு. "கட்டடத்துக்கு வயிறு ஏதுண்ணே? முழுசா அப்படியே அனுப்புங்க."

அவர் திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரி. சேப்பாக்கம் அரண்மனை வளாகத்தில் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். மருந்து எந்த நோயாளிக்குப் போகிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மினி லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரி, "அறுபது வயசுக்கு மேல கடுக்காய் மூட்டையோட ஊர்வலமா?" என்றாள். ராத்திரி முழுக்க 300 கிலோமீட்டர் ஓடி, விடியும் முன்னே போய்ச் சேர்ந்தோம்.

வெள்ளைக்காரன் விஷயம் பாதி சரி என்றேனே, அதற்கு வருகிறேன். சேப்பாக்கம் அரண்மனை 1768ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக எழுந்தது. 1855ல் நவாப் பட்டம் முடிந்துபோன பிறகுதான் அது வெள்ளைக்கார அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அரண்மனையின் இரண்டு பகுதிகளான ஹுமாயூன் மஹாலும் கலஸ் மஹாலும் தனித்தனியாக நின்றிருக்கின்றன, நடுவில் கோபுரம் வைத்து இணைத்தவர் ராபர்ட் சிஷோம் என்ற வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர். பக்கத்தில் 1879ல் முடிந்த செனட் ஹவுஸ் அவர் வேலை. மாநிலக் கல்லூரியும் அவருடையதுதான். ஆனால் அவர் போட்ட குமிழ் மாடத்தையும் வளைவையும் பார்த்தால், அருகே இருந்த நவாபின் மாளிகையைப் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டவர் மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. கடலை ஒட்டி உலாவும் பாதை இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் போட்டு, இத்தாலிய நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார். இத்தனை மணல் அப்போது கிடையாது. வடக்கே துறைமுகம் கட்டியதும் மணல் போக வழியில்லாமல் தெற்கே ஒதுங்கிச் சேர்ந்தது. 1842ல் ஐஸ் ஹவுஸ் கட்டிய காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை ஏறக்குறைய அதன் வாசலிலேயே இறக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு அங்கிருந்து அலையில் கால் நனைக்க வெயிலில் எவ்வளவு நடக்கவேண்டும்!

அதாவது இந்தக் கட்டடங்கள் கடலுக்கு இன்னும் பக்கத்தில் இருந்து உப்பு வாங்கியவை. அப்படியும் நின்றிருக்கின்றன. எதனால் என்பதை மேஸ்திரி காட்டினார்.

பின்பக்கம் வரிசையாகப் பீப்பாய்கள். உடைத்த கடுக்காயும் வெல்லமும் தண்ணீரில் ஊறிப் புளித்து, கிட்டே போனால் கள்ளுக்கடை வாசனை. அந்தத் தண்ணீரை வடித்துத்தான் சுண்ணாம்புக் கலவையில் சேர்க்கிறார்கள். சுண்ணாம்பையும் வாங்கிய அன்றே பூசிவிட முடியாது. நீற்றி, தொட்டியில் தண்ணீருக்கு அடியில் போட்டுவைக்கவேண்டும். நாள் ஆக ஆக வெண்ணெய் மாதிரி ஆகிறது. ஆற்று மணலோடு சேர்த்து அதை அரைவையில் விட்டு அரைக்கிறார்கள். வெல்லம் கலவையைச் சட்டென்று இறுகவிடாமல் கரணைக்கு இணக்கமாக வைக்கிறது, கடுக்காயின் துவர்ப்பு பிடிப்புக் கொடுக்கிறது என்றார். அந்தக் காலத்து மெட்ராஸ் பூச்சில் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்து, கடைசிக் கைக்கு முட்டை வெண்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல ஆக்குவார்களாம். செட்டிநாட்டு வீட்டில் கன்னத்தை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும்.

சிமெண்டு இதைவிட உறுதிதானே என்று நானும் அவரிடம் கேட்டேன், சென்னை அன்பரைப் போலவே. மேஸ்திரி சொன்னது: "அந்த உறுதிதாண்ணே தொல்லை. செங்கல்லுல ஓதம் ஏறும். உப்பையும் கூட்டிட்டுத்தான் ஏறும். சுண்ணாம்புப் பூச்சுல பொடித்துளை இருக்கு, அதுவழியா ஈரம் வெளிய போயிரும். பூச்சு கெட்டா சுரண்டிட்டு மறுபடி பூசிக்கலாம். சிமெண்டு போட்டு அடைச்சா ஈரத்துக்கு வழியில்ல. உப்பு உள்ளயே பூத்துச் செங்கல்லத் தின்னுரும். வெளிய பாத்தா சுவர் மொழுமொழுன்னு இருக்கும்."

எனக்கு அந்த இடத்தில் முகத்தில் அறைந்தது போல இருந்தது. அரூரில் எங்கள் தாத்தா கட்டிய வீடு சுண்ணாம்புச் சுவர், மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். மகள் கல்யாணத்துக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று 1998ல் கூடத்துச் சுவரைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசவைத்தது நான்தான். யாரும் என்னை ஏமாற்றவில்லை, நானே ஆள் கூப்பிட்டு நானே கூலி கொடுத்தேன். நாலு மழைக்காலம் தாங்கியது. பிறகு இடுப்பு உயரத்துக்கு உப்பி, பாளம் பாளமாக விழுந்தது. விழுந்த பாளத்தின் முதுகில் செங்கல் பொடியும் ஒட்டிக்கொண்டு வந்தது. கடலே இல்லாத ஊரில் இந்தக் கதி. கடலுக்கு எதிரே நிற்கும் சுவர் என்ன பாடுபடும்?

பொதுப்பணித் துறைக்கு இது தெரியாமல் இல்லை. சேப்பாக்கத்தில் அந்தப் பெரிய வேலையைச் சுண்ணாம்பிலேயே செய்தார்கள், அதற்குத்தானே என் கடுக்காய் போயிற்று. என் கவலை பெரிய வேலையைப் பற்றி அல்ல. சில்லறை வேலையைப் பற்றி. அன்று வெயில் ஏறும் வரை அந்தச் சாலையில் ஓரமாக நடந்தேன். பழைய சுவர் ஒன்றில் (எந்தக் கட்டடம் என்று சொல்லப்போவதில்லை) குழாய் பதிக்க வெட்டிய இடத்தை யாரோ அரைச்சட்டி சிமெண்டால் அடைத்திருந்தார்கள். அதைச் சுற்றி வட்டமாக வெள்ளை பூத்திருந்தது. இன்னோர் இடத்தில் ஏசி மாட்டிய துளை. வேறொரு சுவரில் சுண்ணாம்புக்கு மேல் பிளாஸ்டிக் பெயிண்ட், அதுவும் அடைப்புதான். கோடிக் கணக்கில் செலவழித்துப் புதுப்பித்த கட்டடத்தை அடுத்த வருஷம் ஒரு குழாய்க்காரர் அரை மணி நேரத்தில் கெடுத்துவிட முடியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் சிமெண்டைத் தவிர வேறு எதை நாம் கொடுத்திருக்கிறோம்?

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையைச் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர் காலத்து மேரி கட்டடம் (நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில் சரிந்தே போயிற்று. அதே சாயலில் கட்டி 2021ல் திறந்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பேரன், தாத்தா இல்லை.

மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்குப் போட்ட மரப்பாதையையும் அன்பர் இடித்து எழுதியிருந்தார். 2022 நவம்பரில் திறந்து, டிசம்பர் மாண்டஸ் புயலிலேயே சேதமானது உண்மைதான். ஆனால் மணலில் அலைக்கு முன்னால் கிடக்கும் பலகையையும் சாலைக்கு இந்தப் பக்கம் நிற்கும் மாளிகையையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. சரிசெய்து மறுபடி விட்டார்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் கடலுக்குக் கிட்டே போகமுடிகிறதென்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சரிசெய்யட்டும்.

கடுக்காய் விற்கிறவன் கடுக்காய்க்கு வக்காலத்து வாங்குகிறான் என்று நினைப்பீர்கள். அந்த 12 மூட்டையில் லாரி வாடகை போக நின்றது சொற்பம். ஏமாற்றுவதற்குக் கடுக்காய் கொடுப்பது என்று நம் ஊரில் ஏன் பேர் வந்ததோ தெரியவில்லை. எனக்குத் தொழில்முறையில் அதில் வருத்தம் உண்டு. பழைய சுவரைச் சிமெண்டால் மூடிப் புதுப்பித்தாயிற்று என்பதை அல்லவா அப்படிச் சொல்லவேண்டும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒவ்வொரு பழைய கட்டடத்திலும் ஒரு மூலையில் மூடிபோட்ட சுண்ணாம்புத் தொட்டி ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். தண்ணீர் நிற்கும் வரை சுண்ணாம்பு கெடாது, வருஷக் கணக்கில் கிடக்கும். குழாய், ஒயர், ஏசி என்று எந்தத் துளை போட்டாலும் அந்தத் தொட்டியிலிருந்து எடுத்துத்தான் அடைக்கவேண்டும் என்று பராமரிப்பு டெண்டரிலேயே ஒரு வரி சேர்க்கட்டும். பூசத் தெரிந்தவர்கள் வயதானவர்களாகத்தான் இருக்கிறார்கள். எங்கள் மேஸ்திரி குழுவில் ஐம்பதுக்குக் கீழே இருவரைத்தான் பார்த்தேன். மத்தியானம் உழைப்பாளர் சிலைக்கு எதிரே நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். பாறையைப் புரட்டும் அந்த நாலு பேரை விட்டால், இந்தச் சாலையைக் கட்டிய கைகளுக்கு அங்கே வேறு அடையாளம் என் கண்ணில் படவில்லை.

சென்னை அன்பர் கோபிக்க வேண்டாம். மாலையில் நடக்கப் போகும்போது, பழைய சுவரில் சிமெண்டு ஒட்டுப் போட்ட இடம் எங்காவது தென்பட்டால் சுற்றிலும் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். வெள்ளையாக ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். நான் வைத்துப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.