உறைமோர் கேட்டு வந்த பெரியம்மாவுக்கு

சோமனூர் பக்கத்தில் எங்கள் வீட்டு விஷயம் தெரியாதவர்கள் குறைவு. அதனால் அதைத் திரும்ப எழுதவில்லை. ஒரு வழக்கில் சிக்கிய மகன் வீட்டுக்கு வந்து இன்றோடு 41 நாள். நேற்று ராத்திரி, இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா என்று அவனாகவே கேட்டான். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அவன் பெயரைப் போட மாட்டேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவு, போடக்கூடாது என்கிறது. அவன் பெயர் இல்லையென்றால் என் பெயரும் இல்லை, உங்கள் பெயர்களும் இல்லை. நன்றி சொல்லப் போய் மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் மாதிரி ஆகிவிட்டேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

அவன் வழக்கை விசாரித்த இளைஞர் நீதிக் குழுமத்தில் இருந்த மூன்று பேருக்கும் நன்றி. கோர்ட் என்று நடுங்கிக்கொண்டுதான் போனேன். கூண்டு இல்லை, ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, 15 வயதுப் பையனிடம் சாப்பிட்டாயா என்று முதலில் கேட்டார்கள். மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதிக் கொடுத்த தலைமையாசிரியர், பஸ் செலவுக்குக் கேட்காமலே பணம் நீட்டிய மச்சான், ஐ.டி.ஐ. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்த பக்கத்துத் தறிக்காரர் மகள், எல்லோருக்கும் கும்பிடு. கல்யாணப் பத்திரிகை வைக்க எங்கள் வீதிவரை வந்து, எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போன உறவுக்காரர் ஒருவரும் உண்டு. சரி, அது கிடக்கட்டும்.

நன்னடத்தை அலுவலர் அம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவனைக் காங்கேயம் பக்கம் அவனுடைய அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஊரில் விட்டுவிடலாம் என்பதுதான் என் கணக்காக இருந்தது. ஊர் வாய் அடங்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. அந்த அம்மா, “இல்லத்துல வெக்கறதே கடைசி வழிதானுங்க. பையனுக்கு முதல் பொறுப்பு பெத்தவங்கன்னு சட்டத்துலயே இருக்குது. நீங்க எங்க அனுப்பறீங்க?” என்று கேட்டார். இந்த வழக்கைக் காட்டி அவன் படிப்பையோ வேலையையோ யாரும் தடுக்க முடியாது, அதையும் சட்டம் சொல்கிறது என்று பொறுமையாக விளக்கினார். ராத்திரிச் சோறு மட்டும் மூன்று பேரும் ஒன்றாக உண்ணுங்கள், அப்போது கேள்வி எதுவும் கேட்காதீர்கள் என்றார். நான் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தேன்.

வந்தவன் உள்ளறையில் போய்ப் படுத்தான். ராத்திரி கூப்பிட்டால் வந்து உட்காருவான்; நாலு வாய் தின்றுவிட்டுத் திரும்பப் போய்விடுவான். கதவு சாத்தியே இருக்கும். நான் தறிக்குடோனை விட்டு வெளியே வரவில்லை. தறி ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. கூலிக்கு நெய்கிறவனுக்குத் தறியை நிறுத்தாமல் இருக்கக் காரணமா கிடைக்காது? கரண்ட் போனால்தான் பயம். வீடு திடீரென்று அமைதியாகும். சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

பத்தாம் நாள் ஆத்துத் தண்ணி விட்டார்கள். பொழுது இறங்குகிற நேரம், குழாயடியில் வீதியே குடத்தோடு நிற்கிறது. எதிர்சாரிப் பெரியம்மா கையில் ஒரு கிண்ணத்தோடு வந்து எங்கள் வாசலில் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை, என் வீட்டுக்காரியையும் கூப்பிடவில்லை. அவன் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார். “கண்ணு, துளி உறமோர் கொண்டா சாமி!”

குழாயடியில் பேச்சு நின்றுவிட்டது. எழுந்த என் மனைவியைக் கையைக் காட்டி உட்கார வைத்தார். கதவு திறக்க எவ்வளவு நேரம் ஆனதோ, எனக்குத் தெரியாது. கரண்டியில் மோரை எடுத்துக்கொண்டு கண் கூச வந்தான். கை நடுங்கிப் பாதி தரையில் சிந்தியது. பெரியம்மா அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. “செரி, வெளக்கு வெக்கறதுக்குள்ள போறேன்” என்று நடந்தார். விளக்கு வைத்துவிட்டால் தயிர் மோர் வெளியே கொடுக்கமாட்டோம், அதற்கு முன்னால் வந்தார் என்றுதான் அன்று நினைத்தேன். வீதியில் எல்லோரும் இருக்கிற நேரமும் அதுதான்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் என் மனைவிதான் சொன்னாள்: “அவங்க கட்டுத்தரையில ரெண்டு எருமை நிக்குது. சொசைட்டிக்கே பால் ஊத்தறவங்க. அவங்களுக்கு எதுக்குங்க உறமோரு?”

போய்க் கேட்டேன். “எங்க தயிரு பூராப் புளிச்சுப் போவுது சாமி. உன் பொண்டாட்டி கைராசி” என்றார். இன்றுவரை அதையேதான் சொல்கிறார். மேற்கொண்டு நானும் கேட்கவில்லை.

ரெண்டு வாரம் கழித்து முழங்கால் வலிக்கிறது என்று பால் கேனை அவன் கையில் கொடுத்துச் சொசைட்டிக்கு அனுப்பினார். சொசைட்டியில் எப்படியும் பத்து ஆம்பளைகள் வரிசையில் நிற்பார்கள். யார் என்ன கேட்பார்களோ என்று நான் தறியை நிறுத்திவிட்டு வாசலில் நின்றேன். நாடா சத்தம் நின்றதும் பெரியம்மா எட்டிப் பார்த்து, “ஓட்டுடா உன் தறிய” என்று அதட்டினார். அவன் காலிக் கேனோடு வந்து, எத்தனை லிட்டர் என்று எழுதிய சீட்டை அவரிடம் நீட்டினான். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவனே படித்துக் காட்டினான். வீட்டுக்கு வந்து அவன் குரலை நான் முழுதாகக் கேட்டது அப்போதுதான்.

பொறுப்பு என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஆள் நான். எனக்கு ஒரு கரண்டி மோர் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, கதவு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுப் பையன் இப்படித் திரும்பி வந்தாலும் நான் போவேன். என்ன ஏது என்று விசாரிக்க மாட்டேன், புத்தி சொல்ல மாட்டேன். ஸ்பேனர் இருக்கிறதா, சைக்கிள் பம்ப் இருக்கிறதா என்று அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்பேன். என்னிடம் இரண்டுமே இருக்கின்றன.

பெரியம்மா, நேற்று நீங்கள் வந்தபோது அவன் சொசைட்டிக்குப் போயிருந்தான். என் மனைவி மோர் எடுத்து வந்தாள். நீங்கள் வாங்கவில்லை. “அவன் வரட்டும்” என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டீர்கள். விளக்கு வைத்த பிறகுதான் அவன் வந்தான். அந்த நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மோர் வெளியே போனது அதுதான் முதல் தடவை.