பின் சில்லுக்கும் வேலை கொடுங்கள்: சின்னக் கார் முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய யாழ்ப்பாணக் கிளை முகாமையாளர் அவர்கட்கும், எந்தக் கார் எந்தக் கோலத்தில் இந்த நாட்டில் இறங்க வேண்டும் என்று கொழும்பில் இருந்து தீர்மானிக்கும் பெரியோருக்கும்,

வணக்கம். போன கிழமை உங்கள் காட்சியறைக்கு வந்து, "இந்த ஸ்போர்ட்ஸ் காரை ஃபோர் வீலில் எடுக்கலாமோ", அதாவது நாலு சில்லும் (சக்கரமும்) சேர்ந்து இழுக்கிற வகையில் கிடைக்குமோ என்று கேட்டுவிட்டு, சிரிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போனவன் நான்தான். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். 2019இல் உங்களிடம் எடுத்த சிவப்புக் காரோடு ஒவ்வொரு சர்வீசுக்கும் தவறாமல் வருகிறவன்.

உங்கள் விற்பனைத் தம்பி சொன்ன பதில் இது: "அண்ணை, யாழ்ப்பாணத்தில மலை இருக்கோ? பனி கொட்டுதோ? பிறகேன் ஃபோர் வீல்?"

பிள்ளை கெட்டிக்காரன். எங்களிடம் இருப்பது பனை, பனி இல்லை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் கோபம் வந்தது. போன மார்கழியில் நடந்ததை அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று.

மனைவியின் சிற்றப்பா செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு. குடத்தனைப் பக்கம் வீடு. மூன்று நாள் மழை பெய்து, அன்று காலைதான் கொஞ்சம் வெளித்திருந்தது. நான், மனைவி, மச்சான், பின் இருக்கையில் மாமி, அவரின் மடியில் பலகாரப் பெட்டி. பிரதான வீதியில் கார் பாட்டுப் போல வந்தது. ஒழுங்கைக்குள் திரும்பி, கிரவல் முடிந்து வளவு மணல் தொடங்குகிற இடத்தில் முன் சில்லு ரெண்டும் இறங்கின. இறங்கினதுதான். அவ்வளவு மழையில் அந்த இடம் கஞ்சிப் பதத்துக்கு வந்திருந்தது.

அக்சிலேற்றரை அமத்தினேன். உங்கள் காரின் டிராக்ஷன் கொன்ட்ரோல் சில்லு வழுக்குவதைக் கண்டுபிடித்து, எஞ்சினின் மூச்சைப் பிடித்தது. நூற்றுச் சொச்சம் குதிரைவலு என்று விளம்பரத்தில் போட்ட எஞ்சின் காசம் பிடித்த கிழவர் மாதிரி இருமிவிட்டு அடங்கியது. பொத்தானைக் கனநேரம் அமத்திப் பிடித்து அதை நிறுத்தினேன். இப்போது சில்லு சுற்றியது, நன்றாகவே சுற்றியது. வாசலில் நின்று "அப்பிடித்தான், இன்னும் கொஞ்சம்" என்று கைகாட்டிய மூன்று வெள்ளை வேட்டிகளுக்கும் இடுப்பு வரை சேறு. பின்னுக்கு எடுத்துப் பார்த்தேன். பின்னுக்கு எடுத்தாலும் சுற்றுவது அதே முன் சில்லுதானே. கார் இன்னும் ஒரு சாண் புதைந்ததுதான் மிச்சம்.

இறங்கிச் சுற்றிப் பார்த்தபோது கண்டதை நீங்கள் ஒருக்கால் யோசித்துப் பார்க்க வேண்டும். முன் சில்லு ரெண்டும் அச்சு மட்டும் சேற்றுக்குள். பின் சில்லு ரெண்டும் இறுகின கிரவலின் மேல், ஈரம்கூடப் படாமல், ரயரின் வரிகள் புதுக் கருக்குக் குலையாமல், செத்த வீட்டுக்கு வந்தும் கதிரையை விட்டு எழும்பாத மாப்பிள்ளைமார் போல நின்றன. தள்ள வேண்டிய நேரத்தில் தள்ளக்கூடிய இடத்தில் நின்றவை அவை ரெண்டும்தான். அவற்றுக்கு வேலை கொடுக்க அந்தக் காரில் ஒரு வழியும் இல்லை.

முன்னுக்குப் பாரம் வந்தால் சில்லு பிடிக்கும் என்று மச்சான் பொனற்றில் ஏறி இருந்தார். எண்பத்தைந்து கிலோ. சில்லு பிடிக்கவில்லை, பொனற்தான் நெளிந்தது. அந்த நெளிவை உங்கள் சர்வீஸ் ஆட்கள் பார்த்திருப்பார்கள். "மாங்காய் விழுந்ததோ அண்ணை" என்று கேட்டார்கள். ஓம் என்று சொல்லியிருந்தேன். பொய்.

கடைசியில் அயலில் இருந்து ஒரு ஐயா லாண்ட்மாஸ்ரரை, அந்த ரெண்டு சில்லு உழவு மெசினை, கொண்டுவந்தார். இழுக்கிற கொழுக்கியை டிக்கியின் அடியில் தேடி எடுத்துப் பம்பரில் பூட்டவே கால் மணித்தியாலம். கயிறு கட்டி ஒரே இழுவை, கார் வெளியில். அவர் எஞ்சினை நிற்பாட்டாமலே கேட்டார்: "தம்பி, இது ஓடுற காரோ, பாக்கிற காரோ?"

லாண்ட்மாஸ்ரருக்கும் ரெண்டு சில்லில்தானே இழுவை என்று உங்கள் தம்பி மடக்குவார். உண்மை. அதன் ரயரின் பல் என் கைவிரல் நீளம். அப்படி ரயர் பூட்டிக்கொண்டு வந்தால் நீங்கள் வொறன்ரியை வெட்டிவிடுவீர்கள்.

ஆகவே கேட்கிறேன். உங்கள் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபோர் வீலை ஒரு தெரிவாகத் தாருங்கள். எல்லாருக்கும் கட்டாயம் போட வேண்டாம். விரும்பினவர் காசைக் கட்டி எடுக்கட்டும்.

"அப்ப எஸ்யூவியை எடுங்கோ அண்ணை" என்றார் தம்பி, அடுத்த மேடையில் நின்ற உயரமான வண்டியைக் காட்டி. நான் முழங்காலைக் குத்தி, கைபேசியின் வெளிச்சத்தில் அதன் அடியைப் பார்த்தேன். பின் சில்லுகளுக்கு நடுவில் ஒரு வெறும் இரும்புச் சட்டம். பின் சில்லுக்கு இழுவை கொடுக்கிற ஷாஃப்டும் இல்லை, டிஃபரன்ஷலும் இல்லை, மோட்டரும் இல்லை. அதுவும் முன் சில்லு வண்டிதான், உயரக் குதிக்கால் போட்டிருக்கிறது. பெயரைப் பார்த்தால் காடு மலை எல்லாம் ஏறும் என்று நினைக்கத் தோன்றும். தம்பியிடம் கேட்டேன். அவருக்கு அது முன் சில்லு வண்டி என்பதே தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதோடு, எனக்கு உயரமான வண்டி வேண்டாம். எங்கள் ஒழுங்கைகளின் அகலம் உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் கிடுகு வேலி, அந்தப் பக்கம் வெளிநாட்டுக் காசில் எழும்பின மதில், எதிரில் ஒரு ஆட்டோ. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் நிற்பாட்டித் திருப்ப வேண்டும். எனக்குச் சின்னக் கார்தான் பிடிக்கும். பதிந்து ஓடுகிற, ஸ்ரேறிங்கைத் தொட்டவுடன் திரும்புகிற சின்னக் கார். அந்த ஆசையை எனக்கு ஊட்டினதே உங்கள் விளம்பரம்தான்.

மறுபக்க நியாயமும் எனக்குத் தெரியும். ஃபோர் வீல் போட்டால் ஒரு சின்னக் காரில் எழுபது எண்பது கிலோ கூடும். பாரம் கூடினால் காரின் துடிப்புக் குறையும், பெற்றோல் கூடத் தின்னும், டிக்கியில் கொஞ்ச இடம் போகும், பழுதாகக்கூடிய சாமான் கூடும். வெள்ளத்துக்குள் ஓடுகிற அளவுக்குக் கார் உயர்ந்துவிடப் போவதும் இல்லை. 2024 நவம்பரில் வந்த வெள்ளம் மாதிரி வந்தால் நாலு சில்லு இழுவையும் ஒன்றுதான், நாலு பேர் தள்ளுவதும் ஒன்றுதான். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் போனதுதான். இவ்வளவையும் வைத்துக்கொண்டும் கேட்கிறேன், ஏனென்றால் நான் மாட்டுப்பட்டது வெள்ளத்தில் இல்லை. அரை அடிச் சேற்றில்.

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலு சில்லிலும் இழுக்கிற கார் மெத்தனமான பண்ணை வண்டி என்று உலகம் நினைத்த காலம் 1980இல் அவுடி குவாட்ரோ வந்ததோடு முடிந்தது. ரலிப் பந்தயக்காரர் எல்லாரும் அதன் பின்னால் ஓட வேண்டி வந்தது. பெரிய கார், பணக்காரச் சங்கதி என்பீர்கள். சரி, 1987இல் வந்த சுசுக்கி அல்டோ வேர்க்ஸைப் பாருங்கள். எங்கள் ஊரில் ஆட்டோவுக்கு அடுத்த படி என்று நாங்கள் நினைக்கிற அதே அல்டோவின் பெயர். 550 சீசீ வகுப்பு எஞ்சின், டேர்போ, 64 குதிரைவலு, அதில் ஃபோர் வீலும் இருந்தது. 2020இல் ரொயோட்டா ஜீஆர் யாரிஸை மூன்று சிலிண்டர் 1.6 எஞ்சினோடும் நாலு சில்லு இழுவையோடும் விட்டது. அதை இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதன் எஞ்சின் 1618 சீசீ, எங்கள் நாட்டில் வரி சீசீயைப் பார்த்து ஏறுவது. அந்தக் கணக்கைப் போட்டால் காணியை விற்க வேண்டும்.

எனக்கு அவ்வளவு தேவையும் இல்லை. 2002இல் நிசான் மார்ச் காரில் ஒரு முறை வந்தது. முன் சில்லை எஞ்சின் ஓட்டும், பின் சில்லுக்கு ஒரு சின்ன மின்மோட்டர். நடுவில் ஷாஃப்ட் கிடையாது. வெளிக்கிடும்போதும் மெதுவாக ஊரும்போதும் மட்டும் மோட்டர் உதவும், மணிக்கு 30 கிலோமீற்றர் அளவில் விலகிவிடும். குடத்தனையில் எனக்குத் தேவைப்பட்டது அதுதான், முப்பது கூட இல்லை, மூன்று கிலோமீற்றர் வேகம்! இன்றைக்கு யப்பானில் யாரிஸ், அக்வா போன்ற சின்ன ஹைபிரிட் கார்களிலேயே பின் மோட்டர் வைத்த வகை விற்பனைக்கு இருக்கிறது. சாதாரண சுவிஃப்ட்டுக்குக்கூட அங்கே ஃபோர் வீல் உண்டு. அதே காரின் துடிப்பான தம்பியாக வந்த ஸ்போர்ட்டுக்குத்தான் முன் சில்லு மட்டும் இருந்தது. மெதுவாகப் போகிறவனுக்கு நாலு சில்லு, விசையாகப் போகிறவனுக்கு ரெண்டு. இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீங்கள் "ஸ்போர்ட்ஸ்" என்று சொல்லி எங்களிடம் காசு வாங்குவது எதற்கு? இருக்கையில் சிவப்பு நூல் தையல். பின்னால் ரெண்டு சைலன்சர் வாய், அதில் ஒன்று வெறும் பிளாஸ்ரிக், புகை வராது, நான் விரலை விட்டுப் பார்த்தேன். கதவுப் படியில் மின்னுகிற எழுத்து. நூறு கிலோமீற்றர் வேகத்தை எத்தனை செக்கனில் தொடும் என்று ஒரு கணக்கு. யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பிரதான வீதியில் கார் போகக்கூடியது 70. அதைத் தாண்டினால் பளைக்கு இந்தப் பக்கம் ஏதாவது ஒரு மரத்தடியில் பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டு நிற்பார். யாழ்ப்பாணத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவன் விசையாக ஓடப்போவதில்லை. சங்குப்பிட்டிப் பாலத்தால் இறங்கி வரும்போது மழை நனைந்த வளைவில் கார் இழுக்காமல் போக வேண்டும், ஒழுங்கை வாசலில் வெட்கப்படாமல் வெளிக்கிட வேண்டும். எங்களுக்கு ஸ்போர்ட்ஸ் அவ்வளவுதான். அந்த நூல் தையல் காசை எடுத்துப் பின் சில்லில் போடுங்கள்.

என் அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. 1990களில் பெற்றோல் வராத காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலை ஊசிக் குழாயால் விட்டு ஸ்ராட் பண்ணிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய். ஊரே புகை. அந்தக் காருக்குப் பின் சில்லில் இழுவை. மணலில் புதைந்தால் பெடியளை டிக்கியில் ஏற்றுவார், பாரம் பின்னுக்கு விழும், சில்லு பிடிக்கும், கார் எழும்பி வரும். அந்தப் பெடியளில் நானும் ஒருவன். ஒரு கொம்பனிக்காரனையும் கேட்காமல் எங்கள் ஆட்கள் கார் ஓட்டின காலம் அது. இன்றைக்கு ஒரு பல்ப் மாற்றவும் "கொழும்பில இருந்து சாமான் வரோணும், ரெண்டு கிழமை" என்கிறீர்கள். சர்வீஸ் புத்தகத்தில் தமிழ் இல்லை. இருக்கிற ஒரேயொரு தமிழ்த் துண்டுப்பிரசுரத்தில் "ஓட்டுதல் மகிழ்ச்சியின் உச்சத்தை அனுபவியுங்கள்" என்று எழுதியிருக்கிறது. எந்த ஊர்த் தமிழோ தெரியாது. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் திறக்கும்வரை ஐந்து வருடம் பழைய காரைத் தைத்துத் தைத்து ஓட்டின சனம் நாங்கள். திறந்தவுடன் நீங்கள் கொண்டுவந்து வைத்ததோ நிறம் மட்டும் மாறின அதே கார்.

மன்னியுங்கள், கதை வேறெங்கோ போய்விட்டது. நான் சண்டைக்கு வரவில்லை. பழைய காரைத் தந்து புதியதை எடுக்கத்தான் வந்தேன், இப்போதும் அந்த எண்ணத்தோடுதான் இருக்கிறேன்.

தயவுசெய்து உங்கள் தலைமை அலுவலகம் இதை யப்பானுக்கு எழுதட்டும்: இலங்கையின் வடக்கில் சின்ன ஸ்போர்ட்ஸ் காரை நாலு சில்லு இழுவையில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு மேலதிகமாகக் காசு கட்டவும் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று. எத்தனை பேர் என்று அவர்கள் கேட்டால், உங்கள் கிளையில் ஒரு கொப்பியைத் திறந்து வையுங்கள். முதல் பெயராக என்னுடையதை எழுதுங்கள். ரெண்டாவதாக என் மச்சான் எழுதுவார்.

முழு ஃபோர் வீல் கட்டாது என்றால் அந்தப் பின் மோட்டர் முறையாவது கிடைக்குமா, கிடைத்தால் விலை எவ்வளவு கூடும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். தமிழில் இருந்தால் நன்று. ஐப்பசி மழை தொடங்க முன் கிடைத்தால் இன்னும் நன்று, குடத்தனையில் ஆண்டுத் திவசம் வருகிறது.

பொனற் நெளிவுக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து உங்கள் சிவப்புக் கார் வாடிக்கையாளன்