ஆர்.என்.ஏ.வை மட்டும் எண்ணினால் போதாது

கடல் உயிரியல் ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலித்து நிதிக்குப் பரிந்துரைக்கும் குழுவினருக்கு, வணக்கம்.

2019 ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிறு இரவு, திருவான்மியூர் கரையில் அலை நீலமாக மின்னியது நினைவிருக்கும். நாக்டிலூக்கா என்றார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள், மறந்துவிட்டார்கள். அந்த நாக்டிலூக்காவின் உறவினர்களான டைனோஃபிளாஜெலேட்டுகள் என்ற ஒற்றைச் செல் உயிரிகளைப் பற்றித்தான் இந்த மடல்.

போன முறை என் விண்ணப்பம் திரும்பி வந்தபோது அதில் ஒரே ஒரு வரி: "மரபணு வெளிப்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை." உண்மைதான். இவற்றை வளர்க்கும் நீரின் வெப்பத்தைக் கூட்டி, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க, மரபணுவிலிருந்து எடுக்கப்படும் படியான ஆர்.என்.ஏ.வை வரிசைப்படுத்திப் பார்த்தோம். கொஞ்சம் மரபணுக்களே அசைந்தன. ஈஸ்ட்டிலோ நெல்லிலோ இப்படி வந்தால் நானே சோதனையைச் சந்தேகிப்பேன். இந்த உயிரிகளில் அப்படி வருவதுதான் வழக்கம்.

லிங்குலோடினியம் என்ற டைனோஃபிளாஜெலேட்டைப் பாருங்கள். குடுவையைப் பகலில் குலுக்கினால் ஒளி மிகக் குறைவு. இரவில் குலுக்கினால் நீலப் பொறி சிதறும். ஒளி தரும் பொருளான லூசிஃபெரினைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தை அது ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்து, மறுபடி அழித்துவிடுகிறது. வுட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 1989-ல் அந்தப் புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது அதைச் செய்யச் சொல்லும் சேதியை, அளந்தது (அன்று இந்த உயிரிக்குக் கோனியாலாக்ஸ் என்று பெயர்). பகலிலும் இரவிலும் அளவு மாறவே இல்லை! 2014-ல் டேவிட் மோர்ஸ் குழு அதே உயிரியின் மொத்த ஆர்.என்.ஏ.வையும் நாளின் வெவ்வேறு நேரங்களில் வரிசைப்படுத்தியது. நேரத்தோடு ஏறி இறங்கும் தூது ஆர்.என்.ஏ. ஒன்றும் சிக்கவில்லை.

ஓட்டல் வாசலில் "புரோட்டா" என்று போர்டு காலையிலிருந்தே தொங்கும். கல் சூடாவது சாயங்காலம்தான். தூது ஆர்.என்.ஏ. அந்தப் போர்டு, புரதம்தான் புரோட்டா. நாம் போர்டை எண்ணிவிட்டு, இங்கே நாள் முழுக்க ஒரே வியாபாரம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பெரும்பாலான டைனோஃபிளாஜெலேட்டுகளில் குரோமோசோம்கள் எப்போதும் இறுகிச் சுருண்டே கிடக்கின்றன. டி.என்.ஏ.வைச் சுற்றிவைக்க, ஹிஸ்டோன் என்ற புரதங்களாலான வழக்கமான ஏற்பாடு இல்லை. ஒரே மரபணு பல நகல்களாக வரிசை கட்டி நிற்கிறது. மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கும் இடத்தில் இவை பெரிதாகக் கை வைப்பதில்லை. எதை எப்போது புரதமாக்குவது என்பதைப் பெரும்பாலும், சேதியை வாசித்துப் புரதம் செய்யும் ரைபோசோம் பக்கத்தில் முடிவு செய்கின்றன.

அப்படியென்றால் ஆர்.என்.ஏ. வேலையே வீணா? இல்லை. இவற்றின் தூது ஆர்.என்.ஏ.க்களின் தலையில் ஒரே மாதிரி 22 எழுத்துத் துண்டு ஒட்டப்படுகிறது. அதைப் பிடித்தால் பாக்டீரியாவும் டயட்டம் என்ற நுண்பாசியும் கலந்த ஒரு வாளி கடல்நீரிலிருந்து இவற்றின் சேதியை மட்டும் தனியே எடுக்கலாம். கடலில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு இது அருமையான வழி. அவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால்தான் இது கைவிடும்.

ஆகவே, வெறும் ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தலுக்கு மட்டும் பணம் ஒதுக்கும் பழக்கத்தை விடுங்கள். அதே மாதிரியில் புரதங்களையும், ரைபோசோம் அப்போது எந்தச் சேதியை வாசிக்கிறது என்பதையும் பார்க்க இடம் கொடுங்கள். செலவு கூடும், தெரியும். மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், சம்மதம். மாதிரி எடுத்த மணியைக் குறிக்காத விண்ணப்பத்தைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். படகில் வடிகட்டிக்கொண்டே அரை மணி நேரம் போனால், திரவ நைட்ரஜனில் நாம் உறைய வைப்பது அந்த உயிரிகளின் அரை மணி நேரப் பதற்றத்தைத்தான்.

அப்புறம், வளர்ப்புகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குச் சம்பளம். ஒரு சனிக்கிழமை இரவு வளர்ப்பறை ஏ.சி. நின்றுபோய், திங்கள் காலை குடுவைகளின் அடியில் பழுப்பு வண்டலைத்தான் பார்த்தோம். இரண்டு வருட வேலை அது.

அடுத்த சுற்றிலும் அதே தரவோடுதான் வருகிறேன். "மாற்றம் இல்லை" என்ற அட்டவணை மூன்றாம் பக்கத்தில் இருக்கும். அதை எடுக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
குடுவை குலுக்கும் ஓர் ஆய்வாளர்